மூன்றாவது கோப்பைக்கு மூன்று ஸ்பூன்

நான் இப்போதெல்லாம் மூன்று மணிக்கே டீ குடித்துவிடுகிறேன். நாலு மணிக்கு அடுப்படியில் நிற்பதே இல்லை. வாசல் பக்கம் போய்த் துணி மடிக்கிறேன், இல்லையென்றால் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிறேன். தெருவில் யாராவது கேட்டால், முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் தனியாக இருக்க எனக்குப் பயம். ஐம்பத்தெட்டு வயதில் பயம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பயம்தான்.

எங்களுடையது மைசூர் மைன்ஸ் பக்கம் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய ரெட்டை வீடு. ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கட்டினவன் சுவரைக் காகிதத்தால் கட்டிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு வயசு என்று வாழ்த்தலாம். நான் வாலாஜா பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபோது அந்தப் பக்கத்தில் ஆன்ட்டி இருந்தார். ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர் கணவர் சுரங்கத்தில் ஷிஃப்ட் பாஸாக இருந்தவர். சுரங்கம் மூடுவதற்கு முன்பே கணவர் போய்ச் சேர்ந்தார். மூடிய பிறகு மகளும் மகனும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். ஆன்ட்டி மட்டும் போகவில்லை. கூப்பிட்டால், "அங்க போய் யார்கிட்ட தமிழ் பேசறது?" என்பார்.

என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து பாத்திரத்தை எல்லாம் இடம் மாற்றிவைத்துவிட்டுப் போவாள். மற்ற ஆறு நாளும் சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் ஆன்ட்டியுமாக இருந்தோம்.

எங்கள் தெருவில் நாலு மணி டீ என்பது வீட்டுக்கு வீடு வேறு வேறு. எதிர் வீட்டுக் கன்னடக்காரர்கள் யார் போனாலும் முதலில் ஒரு துண்டு வெல்லமும் செம்பில் தண்ணீரும் கொடுப்பார்கள், அதைத் தின்று முடித்த பிறகுதான் டீ வரும். மூலை வீட்டுத் தெலுங்கம்மா டீயைப் பெயருக்குக் கொடுத்துவிட்டுப் பலகாரத்தைத் தட்டில் குவிப்பார். அவர் அரிசெலு என்பதை எதிர் வீட்டில் கஜ்ஜாயம் என்பார்கள், நான் அதிரசம் என்பேன். எங்களுடையதைப் பார்த்துத்தான் நீங்கள் செய்கிறீர்கள் என்று மூன்று பேரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். மேலே எள் தூவினால் தெலுங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் டீ என்றால் நன்றாகக் கொதிக்கவிட்டு, டம்ளரிலிருந்து டம்ளருக்கு நுரை வர ஆத்தி, நின்றுகொண்டே குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பது.

ஆன்ட்டி வீட்டில் அப்படி இல்லை. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சன்னல்களைச் சாத்துவார். அந்த நேரத்தில், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து காற்று திரும்பும், சாம்பல் நிற மண் பறந்து வந்து பால் ஜாடியில் படியும். மேசைக்கு விரிப்பு, கெட்டிலுக்குக் கம்பளியில் பின்னிய தொப்பி, கோப்பைக்கு அடியில் சாசர், அதன் ஓரத்தில் ஸ்பூன். புதுப் பெண்ணாக முதல் நாள் போனபோது டீக்குத் தொப்பி போட்டிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்பூனால் சத்தமில்லாமல் கலக்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பொறுமை கிடையாது. சாசரில் ஊற்றி ஆத்திக் குடித்தேன். மறுநாள் எனக்கென்று இரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி மேசையில் வைத்திருந்தார், அந்த வெள்ளை விரிப்பின் மேலேயே. அன்றைக்கே நான் அவருக்கு அடிமை.

தின்பதற்கு அவர் வீட்டில் ஏதாவது ஒன்று கையால் செய்தது இருக்கும். குல்குல், தேங்காய் கேக், ரோஸ் குக்கீ. ரோஸ் குக்கீ என்றதும் பெரிய சீமைப் பண்டம் என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் நம்ம அச்சு முறுக்கு. பூ மாதிரி இரும்பு அச்சை எண்ணெயில் காய்ச்சி, மாவில் முக்கி, திரும்ப எண்ணெயில் விட்டு உதறினால் கழன்று விழும். அதேதான். மூலை வீட்டம்மா அதற்குக் குலாபி புவ்வுலு என்று ஒரு பேர் வைத்திருப்பார். ஆன்ட்டி மாவில் முட்டை அடித்து ஊற்றுவார், நாங்கள் ஊற்ற மாட்டோம்.

கடைசி சில வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் நான்தான் அவர் அடுப்படியில் நின்று சுடுவேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. அச்சிலிருந்து உடையாமல் கழலும் முதல் பூவை ஆறுவதற்குள் நான் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது அவர் சட்டம். "அடுப்பு பக்கத்துல வேகறவங்களுக்குத்தான் மொதல்ல. தின்னு ம்மா, சக்கரை சரியா இருக்கா சொல்லு" என்பார். நாக்கு வெந்தாலும் தின்றுவிட்டுத் தலையாட்டுவேன்.

நாலு மணிக்கு மேசையில் மூன்று கோப்பை வைப்போம். எனக்கு டம்ளர் போய்க் கோப்பை பழகிவிட்டிருந்தது. ஆன்ட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அவன் ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் ஒரு சுரங்கக் கம்பெனியில் இருந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். இங்கே நாலு மணி ஆகும்போது அங்கே ஆறரை ஆகிவிடும். அவன் வேலை முடித்து வந்து, தன் டீயோடு உட்கார்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிடுவான். ஆன்ட்டி போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, அதன் முன்னால் அவன் கோப்பையை வைத்து, நிஜமாகவே டீ ஊற்றுவார். நான் சர்க்கரை போடுவேன். அவனுக்கு மூன்று ஸ்பூன். "அக்கா, கொறச்சுடாதீங்க" என்று அங்கிருந்தே சொல்வான். பேசி முடித்த பிறகு ஆறிப்போன அந்த டீயையும் ஆன்ட்டியே குடித்துவிடுவார்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, அவர் மகள் என் போனுக்குக் கூப்பிட்டாள். அவள் எனக்கு வருஷப் பிறப்புக்கு வாழ்த்துச் சொல்ல மட்டும்தான் கூப்பிடுவாள்.

"அக்கா, பக்கத்துல மம்மி இருக்காங்களா?"

"இல்லியே, நான் என் வீட்டுல இருக்கேன். இன்னா விஷயம்?"

"தம்பி போயிட்டான்கா. ராத்திரி தூங்கினவன் எழுந்திருக்கல."

அவள் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் சொன்னாள், மம்மிக்குச் சொல்ல வேண்டாம் என்று. ஆன்ட்டிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிசம்பரில் தானே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அதுவரைக்கும் அவன் தூரத்தில் ஏதோ சைட்டில் இருக்கிறான், அங்கே சிக்னல் இல்லை என்று தான் சொல்லிவிடுவதாகவும், நான் அதற்கு ஒத்து ஊத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். நான் சரி என்றேன். வாய் தவறிக்கூட ஒரு மறுப்புச் சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளையைப் புதைப்பது என்ன நியாயம் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவே இல்லை. ஆன்ட்டி செத்துவிடக்கூடாது என்பதுதான் புத்தியில் இருந்தது.

அன்றைக்கு நாலு மணிக்குப் போனேன். மேசையில் மூன்று கோப்பை.

"சைட்டுல இருக்கானாம். சிக்னல் இல்லியாம்," என்றார் ஆன்ட்டி.

"அப்படியா ஆன்ட்டி," என்றேன்.

அவர் மூன்றாவது கோப்பையிலும் டீ ஊற்றினார். போனை வழக்கம்போலச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்தார். நான் மூன்று ஸ்பூன் போட்டேன். கறுப்பாகக் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் குடித்தோம். செத்துப்போனவனுக்குச் சர்க்கரை போட்ட கை இது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எனக்கு அந்த மூன்றாவது கோப்பைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்க்கவே முடியாமல் போயிற்று. அவன் அதில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். உட்கார்ந்து, "அக்கா, எங்கம்மாகிட்ட சொல்லலியா நீங்க?" என்று கேட்பது போல் இருக்கும். கண்ணை எடுத்துச் சன்னல் பக்கம் பார்ப்பேன். ஒருநாள் சரியாக நாலு மணிக்குப் போன் அடித்தது. ஆன்ட்டி பாய்ந்த பாய்ச்சலில் கோப்பை கவிழ்ந்து விரிப்பெல்லாம் டீ. எடுத்துப் பார்த்தால், காலர் டியூன் வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தவும் என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல். ஆன்ட்டி அந்தக் குரல் முடியும்வரை கேட்டார். பிறகு வைத்துவிட்டு விரிப்பைத் துடைத்தார்.

"மைனுக்கு அடியில, மூவாயிரம் அடியில டெலிபோன் இருந்துச்சு ம்மா. எங்க வீட்டுக்காரர் அந்த அடி லெவல்ல இருந்து பேசுவாரு," என்றார். "இந்தக் காலத்துல சிக்னல் இல்லாத சைட்டா?"

"ஆஸ்திரேலியா பெரிய ஊரு இல்லியா ஆன்ட்டி, அங்கங்க அப்படித்தான் இருக்குமாம்," என்று உளறினேன்.

நாள் எண்ணக்கூடாது என்று நினைத்தாலும் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. பதினாறாம் நாள் வந்தது. எங்களில் அது பெரிய நாள். அன்றைக்கு அவனுக்கு யார் என்ன செய்வார்கள்? அவர்கள் மதத்தில் பதினாறு கிடையாது. அங்கே மாதா கோயிலில் பூசை வைத்திருப்பார்கள், வைக்கட்டும். ஆனால் அவன் பிறந்து வளர்ந்த இந்த ஊரில் ஒரு ஆளுக்கும் தெரியாமல், ஒரு வாய்த் தண்ணீர் வைக்க நாதி இல்லாமல் போய்விட்டானே என்று காலையிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

அன்றைக்கென்று பார்த்து ஆன்ட்டி ரோஸ் குக்கீ சுடலாம் என்று மாவு கரைத்து வைத்திருந்தார். மூன்றரைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அச்சைக் காய்ச்சினேன். முதல் ஒன்றிரண்டு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு உடைந்தன. அடுத்தது முழுசாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. சிவந்ததும் எடுத்தேன். வாய்க்குக் கொண்டுபோக வேண்டிய கை, அப்படியே சன்னல் பக்கம் போய்விட்டது. சன்னல் திட்டில் ஒரு சின்னத் தட்டு இருந்தது, அதில் அதை வைத்தேன். பக்கத்தில் ஒரு டம்ளரில் தண்ணீரும் வைத்தேன். நான் யோசித்துச் செய்யவில்லை. எங்களில் செத்தவர்களுக்குப் படைக்கிற பண்டத்தை முன்னால் வாயில் வைத்து ருசி பார்க்க மாட்டோம். உப்போ சர்க்கரையோ குறைந்திருந்தாலும் அப்படியே படைப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

அடுத்த பூவுக்கு அச்சை மாவில் முக்கும்போதுதான், என்ன காரியம் செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் தமிழர்களுக்கு நடுவில் இருந்தவர். எத்தனை சாவு வீடு பார்த்திருப்பார், எத்தனை படையல் வாங்கித் தின்றிருப்பார். அவரிடம் எதை மறைப்பது?

"தின்னு பாக்கலியா ம்மா?" என்றார்.

நான் அச்சை எண்ணெயில் விட்டேன்.

"யாருக்கு வெச்சிருக்க?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டதே அவர்தான். கேட்ட குரலில் நடுக்கம்கூட இல்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, ஆன்ட்டி, உங்க பிள்ளைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை இதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், மூன்றே வார்த்தை. அன்றைக்குச் சொல்லவில்லை. கொன்றுவிடுவேனோ என்ற பயம். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்ற பயம்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆன்ட்டி," என்றேன். "ராத்திரி கனவுல வந்தாரு. அதான்."

"ஓ," என்றார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கெட்டிலை எடுத்து, நடுங்குகிற கையால் மூன்றாவது கோப்பையில் டீ ஊற்றினார். "வெறும் தண்ணியா வைக்கறது? டீ வைக்கலாம். சக்கரை எத்தினி போடணும்?"

"மூணு ஸ்பூன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. என் வீட்டுக்காரர் இருபது வருஷம் சர்க்கரை நோய்க்காரர். அவர் இந்த மேசையில் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அவருக்கென்று தனியாகச் சர்க்கரை இல்லாத டீ எடுத்துவைத்தது இதே ஆன்ட்டி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பூனை எடுத்து ஒன்று போட்டார், பாதி விரிப்பில் சிந்தியது. இரண்டு போட்டார். மூன்று போட்டார். சத்தமில்லாமல் கலக்கினார். அந்தக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"நல்லா ஆத்தி வை ம்மா. அவனுக்குச் சூடு ஆகாது."

என் வீட்டுக்காரரை அவர் ஒருநாளும் அவன் என்று சொன்னவர் இல்லை. அவர், இவர், உங்க வீட்டுக்காரர், அப்படித்தான். நான் கோப்பையை வாங்கினேன். டம்ளருக்கும் கோப்பைக்குமாக ஆத்தினேன். ஆத்தும்போது கையிலெல்லாம் சிந்தியது. சன்னல் திட்டில் வைத்தேன்.

"மிச்சத்த நாளைக்குச் சுட்டுக்கலாம். நீ வீட்டுக்குப் போ ம்மா," என்றார். "பாத்திரம் நான் கழுவிக்கறேன்."

கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் ஒரு டம்ளர் கழுவினது இல்லை. எனக்குத் தெரியும், பாத்திரம் கழுவ இல்லை என்று. போ என்றதும் போய்விட்டேன், திருடி மாதிரி. என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். நடுவில் நடுவில் அவன் பெயர். சின்ன வயதில் அவனைக் கூப்பிட்ட செல்லப் பெயர், நான் அதைக் கேட்டு இருபது வருஷம் இருக்கும்.

போக வேண்டும் என்று எழுந்தேன். போனால் என்ன சொல்வது? பொய் சொன்ன வாயோடு எப்படிப் போய்க் கட்டிப்பிடிப்பது? நின்றேன். அந்தச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. நான் டிவியைப் போட்டேன். ஏதோ கன்னடச் செய்தி. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்தச் செய்தி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது, நான் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி நவம்பர் வரை இருந்தார். மகள் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது, தூக்கத்திலேயே, பிள்ளை போன மாதிரியே போனார். அடக்கத்துக்கு ஓடி வந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடைசி வரைக்கும் மம்மிக்குத் தெரியாதில்ல அக்கா?" தெரியாது என்றேன். "அப்பாடா, நிம்மதியா போனாங்க," என்று அழுதாள். அதுவும் நான் சொன்ன பொய்தான். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இன்னும் ஒரு தடவைகூட நான் திறக்கவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. டிவி கத்தினதற்கு மறுநாள், நாலு மணிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை, போனேன். ஆன்ட்டி தலை வாரி, பவுடர் போட்டு, சுத்தமான கவுன் உடுத்தி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. மேசையில் இரண்டே கோப்பைதான் இருந்தது. உட்கார்ந்தேன். டீ ஊற்றினார்.

"நேத்து உங்க வீட்டு டிவி ரொம்ப சத்தம்," என்றார்.

"காது சரியா கேக்க மாட்டேங்குது ஆன்ட்டி. அதான் கூட்டி வெச்சேன்."

அவர் தன் கோப்பையில் சர்க்கரை போட்டுக் கலக்கினார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை.

"நீ வருவேன்னு நெனச்சேன் ம்மா," என்றார். "கதவ தாப்பா போடாமதான் வெச்சிருந்தேன்."